ஆடும் கேமராவும் பச்சைத் திரையும்!

குட்டீஸ், டி.வி.யில் வானிலைச் செய்தி பார்த்திருப்பீர்கள். அறிவிப்பாளருக்குப் பின்னால் பெரிய வரைபடம் தெரியும். பல நிலையங்களில் அங்கே உண்மையில் இருப்பது வெறும் பச்சைத் திரைதான்! கம்ப்யூட்டர் பச்சை நிறத்தை மட்டும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் வரைபடத்தை வைத்துவிடும். இதற்கு 'குரோமா கீ' என்று பெயர்.

ஏன் பச்சை? நம் தோலின் நிறத்தில் இருந்து பச்சையை எளிதாகப் பிரிக்கலாம். மேலும், பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களில் ஒளியை உணரும் புள்ளிகளில் பாதி, பச்சை ஒளிக்கே உரியவை!

வானிலைச் செய்தியில் கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும். அதனால் வேலை சுலபம். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்தால்? கை ஆடும், படத்தில் நடிகரும் ஆடுவார். பின்னால் ஒட்டிய மலை மட்டும் அசையாது. பார்த்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்!

சரி, மலையையும் அதே அளவு ஆட்டினால் போதுமா? போதாது. ஒரு சோதனை செய்யுங்கள். கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, தலையை இடமும் வலமும் அசையுங்கள். விரல் நிறைய நகர்வது போலத் தெரியும். தூரத்து மரமோ கொஞ்சம்தான் நகரும். இந்த வித்தியாசம் படத்திலும் இருக்க வேண்டும்.

அதற்காக, பச்சைத் திரையில் ஆங்காங்கே சிறு குறிகளை ஒட்டுவார்கள். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். ஒவ்வொரு படத்திலும் குறிகள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து, கேமரா எப்படி ஆடியது என்பதைக் கம்ப்யூட்டர் கணக்கிடும். பின்னணியையும் அதற்கேற்ப ஆட்டும். கடைசியில் குறிகளை அழித்துவிடுவார்கள்.

2008ல் வெளிவந்த 'க்ளோவர்ஃபீல்ட்' என்ற அமெரிக்கப் படம், ஒருவர் கைக் கேமராவில் அவசரமாக எடுத்தது போலவே இருக்கும். நியூயார்க் நகருக்குள் புகும் ராட்சத விலங்கு, கம்ப்யூட்டரில் உருவானது!

வீட்டில் செய்து பார்க்க ஆசையா? பச்சைத் துணியைச் சுருக்கமில்லாமல் கட்டுங்கள். அதிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். இல்லாவிட்டால் பச்சை வெளிச்சம் உங்கள் மேல் படியும். செல்போனை இரு கைகளாலும் பிடித்து, மெதுவாக நகர்த்துங்கள். வேகமாக ஆட்டினால் ஓரங்கள் கலங்கி, பச்சையோடு கலந்துவிடும். முக்கியமாக, பச்சைச் சட்டை வேண்டாம். உடம்பு காணாமல் போய், தலை மட்டும் மிதக்கும்!

இன்னொன்று. 'ஆடுகிறதே, யாரோ நேரில் எடுத்ததுதான்' என்று நினைக்க வைக்கும் வீடியோக்கள் செல்போனுக்கு நிறைய வரும். ஆட்டத்தையும் செயற்கையாகச் செய்ய முடியும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். அடுத்தவருக்கு அனுப்பும் முன், உண்மைதானா என்று விசாரியுங்கள். சரிதானே, குட்டீஸ்?