சிறு மண் அணைகள்: பயனும் பாதுகாப்பும்

சண்டிகர் நகரின் சுக்னா ஏரி 1958ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் நிறையுமுன்னரே அதன் கொள்ளளவில் பாதிக்கு மேற்பட்ட பகுதியை வண்டல் நிரப்பிவிட்டது. சிவாலிக் குன்றுகளில் காடு அழிந்ததும், கட்டுப்பாடற்ற மேய்ச்சலுமே இதற்குக் காரணங்கள். ஏரியைக் காக்க வேண்டுமாயின், குன்றுகளை நம்பி வாழும் மக்களுக்கு மாற்று வழி காட்ட வேண்டும் என்பது தெளிவாயிற்று. அந்நோக்குடன், இன்றைய அரியானாவின் பஞ்சகுலா மாவட்டத்திலுள்ள சுகோமாஜ்ரி கிராமத்தில் 1976ஆம் ஆண்டு ஒரு சிறு மண் அணை கட்டப்பட்டது.

மழைநீருடன் அடித்துவரப்படும் மண்ணைத் தடுப்பது, பருவமழை நீரைத் தேக்கிப் பின்னர் பயிருக்கு அளிப்பது ஆகிய இரண்டும் அதன் நேரடிப் பயன்கள். மூன்றாவது பயன் சமூகத்தைச் சார்ந்தது. நிலமற்ற குடும்பங்களுக்கும் நீரில் சமபங்கு உண்டு என்று கிராம மக்கள் முடிவு செய்தனர். பயன் அனைவருக்கும் கிட்டியதால், மேய்ச்சலைக் கட்டுப்படுத்தும் பொறுப்பையும் அனைவரும் ஏற்றனர். முள்வேலி இன்றியே குன்றுகள் பசுமை பெற்றன.

பாதுகாப்பின் அடிப்படை

மண் அணை தன் எடையாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. நடுவில் இறுக்கப்பட்ட களிமண் கசிவைக் கட்டுப்படுத்துகிறது. அதன் கீழ்ப்புறத்திலுள்ள மணல், சரளை அடுக்குகள் மண் துகள்களைத் தடுத்து, கசிந்த நீரை மட்டும் வெளியேற்றுகின்றன. கசிவே இல்லாத மண் அணை அரிது. கசியும் நீர் தெளிவாகவும் அளவில் மாறாமலும் இருக்கும்வரை அச்சம் குறைவு. அது கலங்கி வருமாயின், கரையின் உள்மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். உடனே பொறியாளருக்குத் தெரிவித்து, நீர்மட்டத்தைக் குறைத்தல் வேண்டும். எலி வளைகளும் பட்டுப்போன மரவேர்களும் இத்தகைய அரிப்புக்கு வழிவகுப்பவை.

அதனினும் பெரிய ஆபத்து, நீர் கரைக்கு மேல் வழிவது. 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் குஜராத்தில் மச்சு-2 அணையின் மண் கரைகள் இவ்வாறே உடைந்து, மோர்வி நகரம் பேரழிவுக்கு உள்ளாயிற்று. ஆதலின் உபரி நீரை வெளியேற்றும் கலிங்கு அணையின் உயிர்நாடி எனலாம். கூடுதல் நீரைத் தேக்கும் ஆசையால் கலிங்கை அடைப்பது அணையையே பணயம் வைப்பதாகும்.

பொறுப்பு யாருடையது?

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளுக்கும் பொருந்தும். சிற்றூர்களின் சிறு அணைகள் பெரும்பாலும் இவ்வரம்புக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் உடைந்த கரையிலிருந்து பாயும் வெள்ளம் சட்டத்தின் வரம்பை அறியாது. மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் திவரே அணை 2019ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் இரவில் உடைந்து பலர் மாண்டனர். கரையில் கசிவு இருப்பதைக் கிராம மக்கள் முன்னரே சுட்டிக்காட்டியிருந்தனர்.

அணை கட்டும்போதே ஆண்டுதோறும் பராமரிப்புக்கான தொகையை ஒதுக்குவதும், மழைக்கு முன்னும் பின்னும் கரையைப் பார்வையிடுவதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நீரில் பங்குடைய மக்களே நல்ல காவலர்கள். அவர்கள் கூறுவதைச் செவிமடுத்து, காலத்தில் செயல்படுவது நிர்வாகத்தின் கடமை.