ஏறு, இறங்கு, சுற்றி வா: காஞ்சித் தெருவில் ஆங்கில வினைகள்

ஆங்கிலத்தில் போவதையும் வருவதையும் சொல்லும் அன்றாட வாக்கியங்களில் பெரும்பாலானவற்றைத் தாங்கி நிற்பது ஒரு சின்ன வினையும் அதன் பின்னால் வரும் ஒரு சிறுசொல்லும்தான். ‘கோ இன்’, ‘கம் அவுட்’, ‘கெட் ஆஃப்’, ‘டர்ன் பேக்’, ‘வாக் அரவுண்ட்’ எல்லாம் இந்த வகை. இலக்கணக்காரர்கள் இவற்றை ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறார்கள். 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய நூலின் வழியாக அந்தப் பெயர் நிலைபெற்றது. பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில், வேற்று மொழிக்காரர்களை அதிகம் திணறடிப்பவை இந்தச் சேர்க்கைகள்தான் என்று சாமுவேல் ஜான்சன் குறித்திருக்கிறார்.

அந்தத் திணறல் தமிழருக்கும் உண்டு. காஞ்சிபுரம் போன்ற ஊரில் அது ஏட்டுச் சிக்கலாக மட்டும் நிற்பதில்லை. கோயில் பார்க்கவும் பட்டு வாங்கவும் வெளிநாட்டார் வந்து போகும் ஊர் இது. வழிகாட்டி, ஆட்டோ ஓட்டுநர், ஜவுளிக்கடை விற்பனையாளர் என எல்லாருக்கும் ‘உள்ளே வாங்க’, ‘இங்கே இறங்குங்க’, ‘சுற்றிப் பாருங்க’ என்பவற்றைத்தான் முதலில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிக்கலுக்குக் காரணம் இரு மொழிகளும் வாக்கியத்தில் திசையை வைக்கும் இடம். தமிழில் ஏறு, இறங்கு, நுழை, கட, திரும்பு என்ற வினைகளுக்குள்ளேயே திசை அடங்கிவிடுகிறது. எப்படிச் சென்றார் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு வினையெச்சத்தை முன்னால் சேர்க்கிறோம்: ஓடி ஏறினான், நீந்திக் கடந்தான். ஆங்கிலத்தில் இது தலைகீழ். சென்ற விதம் வினையில் இருக்கும், திசை சிறுசொல்லில் இருக்கும்: ‘ரேன் அப்’, ‘ஸ்வாம் அக்ராஸ்’. அமெரிக்க மொழியியலாளர் லியோனார்டு டால்மி உலக மொழிகளையே இந்த அடிப்படையில் இரு பெரும் வகைகளாகப் பார்த்தார். 1985இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தத் துறையில் ஆய்வுகள் பெருகின.

இந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே பார்க்கக் கைலாசநாதர் கோயிலை விடப் பொருத்தமான இடம் இல்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் ராஜசிம்மன் எழுப்பிய கோயில் அது. கருவறையைச் சுற்றி மிகக் குறுகிய ஓர் உட்பிராகாரம் உண்டு. அதன் நுழைவழியில் நிமிர்ந்து போக முடியாது. தவழ்ந்து நுழைந்து, சுற்றிவிட்டு, மறுபக்கம் தவழ்ந்து வெளியே வர வேண்டும். இதை ஆங்கிலத்தில் சொல்பவர் ‘கிரால் இன்’, ‘வாக் அரவுண்ட்’, ‘கிரால் அவுட்’ என்று முடித்துவிடுவார். தமிழில் தவழ்தல் ஒரு சொல், நுழைதல் ஒரு சொல். ஆங்கிலத்தில் நுழைதலுக்குத் தனி வினை தேவைப்படவில்லை, ‘இன்’ என்ற ஓரசை போதும். தமிழ் மாணவர் இதே செய்தியை எழுதும்போது ‘எண்டர்’ என்ற வினையைத் தேடிப் பிடித்து, அதற்குப் பின்னால் தவழ்தலை எப்படி ஒட்டுவது என்று தடுமாறுவது வழக்கம். வாக்கியம் பிழையாக இருக்காது, ஆனால் பேச்சாக ஒலிக்காது.

வண்டி ஏறி இறங்கும் இடத்தில் வேறொரு நுட்பம் இருக்கிறது. தமிழில் ஆட்டோவிலும் ஏறுகிறோம், பேருந்திலும் ஏறுகிறோம், செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலிலும் ஏறுகிறோம். ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கிறது. குனிந்து உள்ளே புகுந்து உட்காரும் கார், ஆட்டோவுக்கு ‘கெட் இன்’, இறங்கும்போது ‘கெட் அவுட்’. நின்று நடமாட இடமுள்ள பேருந்து, ரயில், விமானத்துக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. மேலே ஏறி உட்காரும் இருசக்கர வண்டிக்கும் ‘ஆன்’, ‘ஆஃப்’தான். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கியதை நம்மவர்கள் ‘காட் டவுன்’ என்பார்கள். ‘இறங்கு’ என்பதில் உள்ள ‘கீழே’ என்ற பொருள் அப்படியே ‘டவுன்’ ஆகிவிடுகிறது. தென்னிந்திய ஆங்கிலத்தில் இது ஊறிப்போன வழக்கு, இங்கே அதனால் ஒருவருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் இங்கிலாந்துக்காரர் காதில் ‘கெட் டவுன்’ என்பது ஏணியிலிருந்தோ மதில் மேலிருந்தோ கீழே இறங்குவது.

‘கம்’, ‘கோ’ இரண்டையும் தேர்ந்தெடுப்பதில் தமிழருக்கு ஏற்கெனவே நல்ல பயிற்சி இருக்கிறது. வரவும் தரவும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்திருக்கிறது. ஆங்கிலமும் ஏறக்குறைய இப்படியே நடக்கிறது. கேட்பவர் இருக்கும் இடம் நோக்கிச் செல்வதும் ‘கம்’தான். தொலைபேசியில் அழைப்பவரிடம் ‘இதோ வர்றேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் கமிங்’ மிகச் சரி. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையதாகப் போற்றப்படும் நூலின் விதி இன்றைய ஆங்கில வகுப்புக்கும் பயன்படுகிறது என்பது பள்ளிகளில் சொல்லித்தர வேண்டிய செய்தி.

வழிகள் பிரிவது வேறிடத்தில். விடைபெறும்போது ‘போறேன்’ என்பது நம் வீடுகளில் அமங்கலம், ‘போயிட்டு வரேன்’ என்போம். அதை ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் கேட்பவர் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். அங்கே ‘ஐ ஆம் ஆஃப்’ என்றாலே போதும். கோயிலில் நாம் வலம் வருகிறோம், பிராகாரத்தைச் சுற்றி வருகிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ‘கோ அரவுண்ட்’தான், ‘கம்’ வராது.

செயப்படுபொருளும் கூட வந்தால் சொல்வரிசையைக் கவனிக்க வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில் இருக்கும் அத்தி வரதர் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருள்வார். 1979க்குப் பிறகு 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வெளியே எழுந்தருளியிருந்தார். இந்த நிகழ்வைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘பிரிங் அவுட்’, ‘டேக் பேக்’ போன்றவை போதுமானவை. பெயர்ச்சொல்லை இவற்றின் நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். அவரை, அதை என்று பிரதிப்பெயர் வந்தால் நடுவில் மட்டுமே நிற்கும்: ‘பிராட் ஹிம் அவுட்’. ‘பிக் மீ அப்’ என்பது சரி, ‘பிக் அப் மீ’ என்பது பிழை. ‘எழுந்தருளினார்’, ‘புறப்பாடு’ என்ற சொற்களிலும், சின்ன காஞ்சிபுரத்து வைணவர் பேச்சில் ஒலிக்கும் ‘ஏளினார்’ என்பதிலும் உள்ள பக்தியை ஏந்த இந்தச் சேர்க்கைகளால் முடியாது. ஆங்கிலத்தில் சாமி வெளியே வருவதற்கும் ஆசாமி வெளியே வருவதற்கும் ஒரே ‘கம் அவுட்’தான். இந்த வகையில் தமிழின் கை ஓங்கியிருக்கிறது.

இயக்கச் சொற்கள் இயக்கத்தோடு நிற்பதில்லை. தறிக்கூடத்தில் கரண்ட் ‘போகிறது’, பிறகு ‘வருகிறது’. ஆங்கிலத்திலும் அது ‘கோஸ் அவுட்’, ‘கம்ஸ் பேக்’. ஜரிகை தீர்ந்துபோனால் ‘ரன் அவுட்’. ‘தீர்ந்து’ என்பதோடு ‘போ’ சேர்ந்து முடிவைக் காட்டுவதும், ‘ரன்’ என்பதோடு ‘அவுட்’ சேர்ந்து அதையே காட்டுவதும் ஒத்த வேலைகள். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாக நெய்து ‘வருகிறார்கள்’ என்கிறோம். ஆங்கிலத்தில் தொடர்ச்சியைக் காட்டும் சிறுசொல் ‘ஆன்’: ‘கோ ஆன்’, ‘கேரி ஆன்’. எல்லாமே இப்படி ஒத்துப்போகாது. விளக்கு ‘கோஸ் ஆஃப்’ என்றால் அணைகிறது, அலாரம் ‘கோஸ் ஆஃப்’ என்றால் அடிக்கிறது. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

திசையை வினைக்குள்ளேயே வைத்த சொற்கள் ஆங்கிலத்திலும் இல்லாமலில்லை. எண்டர், எக்ஸிட், அசெண்ட், ரிட்டர்ன் போன்றவை லத்தீன் வழி வந்தவை, அறிவிப்புப் பலகைக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் உரியவை. தமிழின் அமைப்புக்கு நெருக்கமாக இருப்பதால் நம் மாணவர்கள் இவற்றைத்தான் முதலில் கைக்கொள்கிறார்கள். பிறகு பேச்சில் கேட்ட சிறுசொல்லையும் ஒட்டி ‘ரிட்டர்ன் பேக்’ என்கிறார்கள். ‘ரிட்டர்ன்’ என்பதிலேயே ‘பேக்’ அடங்கியிருக்கிறது.

பல பயிற்சி நூல்கள் இந்தச் சேர்க்கைகளை வினையின் அகரவரிசையில் பட்டியலிடுகின்றன. அது மாணவருக்கு உதவாத வரிசை. பொருள் சிறுசொல்லில் இருக்கும்போது வகுப்பும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். ஆசிரியர்கள் ஒரு வாரத்துக்கு ‘அவுட்’ என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கோயில் வாசல், பேருந்து நிலையம், தறிக்கூடம் என்று பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் இடங்களிலிருந்தே வாக்கியம் அமைக்கச் சொல்லிப் பாருங்கள்.