மோசமான மாசத்துல போட்ட எஸ்ஐபி இப்போ எப்படி இருக்கு?

மார்க்கெட் விழுந்ததும் எஸ்ஐபி-யை நிறுத்திடலாம்னு தோணுதா? அதுக்கு முன்னாடி பழவேற்காடு ஏரியைக் கொஞ்சம் பாருங்க.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மீனவர்கள்கிட்ட ‘பாடு’ன்னு ஒரு பழைய முறை இருக்கு. ஏரியில எந்த இடத்துல யார் வலை கட்டணும்கிறது முறை வச்சு மாறிக்கிட்டே இருக்கும். இறால் நல்லா விழுற இடமும் வரும், சுமாரான இடமும் வரும். மொத்தச் சுற்றும் சேர்ந்ததுதான் வருமானம்.

எஸ்ஐபி-யும் அதே மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே மோசமான மாசத்துல போட்ட பணம்தான் பின்னாடி அதிகமா வளர வாய்ப்பு இருக்கு.

2020 ஜனவரியில நிஃப்டி 12,000-க்கு மேல இருந்தது. கொரோனா பயத்துல மார்ச் 23 அன்னிக்கு 7,610-ல முடிஞ்சது. அன்னிக்கு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுல போட்ட 5,000 ரூபாய்க்கு, ஜனவரியை விட ஒன்றரை மடங்குக்கும் மேல யூனிட் கிடைச்சது.

2024 ஜூன்ல நிஃப்டி 24,000-ஐத் தாண்டினப்போ கணக்குப் பார்த்தா, ஜனவரித் தவணை சுமார் 10,000 ரூபாய். மார்ச் 23 தவணை 15,000-க்கும் மேல!

ஆனா, எல்லா வீழ்ச்சியும் இவ்வளவு சீக்கிரம் மீளும்னு உத்தரவாதம் கிடையாது. வேலை போயிட்டா தவணையும் நின்னுடும். அதனால முதல்ல 6 மாசச் செலவை எமர்ஜென்சி ஃபண்டா தனியா வைங்க.

அப்புறமும் நிறுத்தத் தோணினா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: காரணம் என் சம்பளமா, இல்ல ஆப்ல தெரியுற சிவப்புக் கலரா?