தும்மினால் நனைகிறதா?

"தும்மினா, சிரிச்சா ரெண்டு சொட்டு போயிடுது. யார்கிட்டே சொல்றது?" வேப்பம்பட்டில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும்போதும் சில சகோதரிகளுக்கு இதே சங்கடம்தான். "பிள்ளை பெத்தா இப்படித்தான்" என்று பாட்டிமார் சொல்வது பாதிதான் சரி. சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும் தசைகள் பிரசவத்தில், அதிலும் ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில், நைந்து தளர்கின்றன. இருமும்போது வயிறு பையை அழுத்த, அதன் வாய் இறுகி மூட முடிவதில்லை. தீராத இருமல், மலச்சிக்கல், அதிக எடை, குடம் தூக்குவது, மாதவிலக்கு நிற்பது எல்லாம் தொல்லையைக் கூட்டும். இதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும்! அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948-ல் எழுதிய பயிற்சி சுலபமானது. சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை இறுக்கி, சில விநாடி கழித்துத் தளர்த்துங்கள். தினம் 3 வேளை, வேளைக்கு 8 தடவையாவது, 3 மாதம் விடாமல். அப்புறமும் நிற்காவிட்டால் லேடி டாக்டரிடம் கூசாமல் சொல்லுங்கள்.