படிக்கட்டில் தவறினால் ஒரு சட்டம், தண்டவாளத்தில் அடிபட்டால் வேறு சட்டம்

கடலூர் நகரின் வியாபாரம் எல்லாம் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தைச் சுற்றித்தான். பேருந்து நிலையம் கூப்பிடு தூரத்தில், லாரன்ஸ் ரோடு கடைகள் அதையொட்டி. விரைவு ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் துணிக்கடைப் பையும் கைக்குழந்தையுமாக ஒரு குடும்பம் ஏறியாக வேண்டும், முப்பது பேர் இறங்கியாக வேண்டும். ரயில் நகரத் தொடங்கிய பிறகும் கம்பியைப் பிடித்துத் தொற்றுபவர்கள் உண்டு. யாராவது தவறி விழுந்தால் அக்கம்பக்கத்தில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: “ஓடுற வண்டியில ஏறினது அவன் தப்பு, ரயில்வேகிட்ட ஒத்தப் பைசா தேறாது.”

இந்தத் தீர்ப்பை நம்பி வழக்கே போடாமல் விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவுப்படி, பயணி ரயிலிலிருந்து தற்செயலாக விழுந்தால் யார் தவறு என்ற கேள்வியே எழாது. ரயில்வே நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். ஏறும்போது விழுவதும் இதில் அடங்கும் என்று 2008இல் பிரபாகரன் விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏறும்போதோ இறங்கும்போதோ காட்டிய அஜாக்கிரதையைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்று 2018இல் ரீனா தேவி வழக்கில் மீண்டும் உறுதி செய்தது. தற்கொலை, தானே வரவழைத்துக்கொண்ட காயம், குற்றச் செயல், குடிபோதையிலோ மனநிலை பிறழ்விலோ செய்த செயல், இயற்கையான நோய் ஆகியவைதான் விலக்குகள். நடைமேடைச் சீட்டு வாங்கி வழியனுப்ப வந்தவரும் இந்தப் பிரிவின் கண்ணில் பயணிதான். கொள்ளை, கலவரம் போன்றவற்றால் நிலையத்துக்குள் அவருக்கு ஏதாவது நேர்ந்தாலும் உரிமை உண்டு.

டிக்கெட் கிடைக்கவில்லையே என்பது அடுத்த பயம். உடலில் டிக்கெட் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒருவர் பயணி இல்லை என்று ஆகிவிடாது. இதையும் ரீனா தேவி தீர்ப்பே சொல்கிறது. விவரங்களைச் சொல்லிக் குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், அதை மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேயிடம் போகும். ஆனால் பத்திரத்தில் எழுத ஏதாவது இருக்க வேண்டுமே. செல்போனில் எடுத்த டிக்கெட்டின் பதிவு, யுபிஐயில் பணம் போன குறுஞ்செய்தி, ரயிலேற்றிவிட்ட மைத்துனர் என எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் முதல் நாள் காகிதங்களில்தான். நிலைய அதிகாரி காவல்துறைக்கு அனுப்பும் குறிப்பு, ரயில்வே போலீஸின் முதல் தகவல் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று ஆகிய நான்கின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். “தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டார்” என்று வழக்கமான வரியை எழுதிவிட்டுப் போவதும் நடக்கும். பார்த்தவர்கள் இருந்தால் அவர்கள் வாக்குமூலத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆர்பிஎஃப் என்பது ரயில்வேயின் சொந்தப் பாதுகாப்புப் படை. வழக்குப் பதிவு செய்வது தமிழக அரசின் ரயில்வே போலீஸ். இரண்டும் வேறு வேறு. குழப்பத்தில் ஒருவரைப் பார்த்துவிட்டு மற்றவரை விட்டுவிடக் கூடாது. ஓடும் ரயிலிலிருந்து புகார் சொல்ல 139 என்ற எண்ணை அழைக்கலாம்.

2017 ஜனவரி 1 முதல் உயிரிழப்புக்கான நஷ்டஈடு 8 லட்சம் ரூபாய். காயத்துக்கு அதன் தன்மைப்படி அட்டவணை உண்டு. இதைக் கொடுக்கும்படி உத்தரவிடுவது ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம். நமக்குச் சென்னை அமர்வு. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும், தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்கலாம். கருணைத் தொகை என்று ரயில்வே உடனடியாகத் தருவது தனி. அதை வாங்கியதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்து ஓராண்டைக் கோட்டை விடுவதுதான் பெரிய இழப்பு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி கிடைக்கும்.

     

இதே மாவட்டத்தின் சிதம்பரத்தில் சிக்கல் வேறு: தண்டவாளத்தைக் கடப்பது. ஊரும் நடராஜர் கோயிலும் தண்டவாளத்துக்கு மேற்கே. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கிழக்கே. அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பித்த நிலையத்தை 2025 மே 22 அன்று பிரதமர் திறந்து வைத்தார். முகப்பு மாறினாலும் குறுக்கே இறங்கி நடக்கும் ஆசை எந்த ஊரிலும் அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. படியேறத் தெம்பில்லாத நோயாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காதில் இயர்போனோடு இறங்கும் மாணவரைச் சொல்லலாம். டீசல் இன்ஜினின் இரைச்சல் போய் மின்சார இன்ஜின் வந்த பிறகு ரயில் வருவது முன்பு போலக் காதுக்கு எட்டுவதில்லை. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. நிற்கும் சரக்குப் பெட்டி மேல் ஏறினால் கம்பியைத் தொடாமலே மின்சாரம் பாயும்.

நடைமேடை விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியதும் சட்டமும் கைவிரித்துவிடும். அது ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அத்துமீறல். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ கிடைக்கலாம். கையில் டிக்கெட்டே இருந்தாலும், தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டால் அது ‘ரயிலிலிருந்து விழுந்தது’ ஆகாது. அந்த 8 லட்சம் பெரும்பாலும் கிடைக்காது.

ரயில்வே கேட்டில் அடிபடுபவர் மூன்றாவது வகை. 2025 ஜூலை 8 காலை, கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் பள்ளி வேன் மீது மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட் காப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுக் கைது செய்யப்பட்டார். அந்த கேட் அப்போது சிக்னலோடு இணைக்கப்படாமல் இருந்தது. இணைத்த கேட்டில் கேட் மூடாமல் ரயிலுக்குப் பச்சை விழாது. இணைக்காத இடத்தில் ஒரு மனிதரின் கவனமும் ஒரு தொலைபேசி அழைப்பும்தான் காவல். உங்கள் ஊர் கேட் எந்த வகை என்று திருச்சி கோட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம். பள்ளி வேன் போகும் வழியென்றால் பெற்றோர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்பேன்.

சாலையில் போனவர் ரயில் பயணி இல்லை என்பதால் 124ஏ இங்கே உதவாது. வாகனம் சம்பந்தப்பட்டிருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். வாகனத்தின் காப்பீட்டு நிறுவனத்தோடு ரயில்வேயையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம் என்பதை 1997இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுவிட்டது. இங்கே உச்சவரம்பாக 8 லட்சம் கிடையாது. வயது, வருமானம், ஊனத்தின் அளவு பார்த்துக் கணக்கிடுவார்கள். ஆனால் அவகாசம் குறைவு. 2022 ஏப்ரல் முதல் மனு போட ஆறே மாதம். இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போயிருக்கின்றன. அதன் முடிவை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.