நீருக்கும் உண்டு வரவு செலவு

திருப்பதிக்கு அருகிலுள்ள கல்யாணி அணையையோ, ஆரணியாற்றின் பிச்சாட்டூர் அணையையோ கரையிலிருந்து காண்போருக்கு நீர் முழுதும் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் ஆழமான நீர்த்தேக்கம் கோடையில் அடுக்குகளாகப் பிரியும் இயல்புடையது. வெயிலில் சூடேறிய நீர் இலேசாகி மேலே நிற்க, குளிர்ந்த நீர் அடியில் தங்குகிறது. இரண்டும் கலவாமையால் அடிநீருக்குப் பிராணவாயு கிட்டுவதில்லை. மேல்நீரிலும் குறையுண்டு: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும்; 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே கரையும். மீனின் தேவையோ வெப்பத்தோடு கூடுகிறது.

இந்நிலையை முன்கூட்டியே கணிப்பவை வெப்பநிலை மாதிரிகள். இவையும் வரவு செலவுக் கணக்குகளே. வெயிலும் வந்துசேரும் ஆற்றுநீரும் தரும் வெப்பம் வரவு; ஆவியாதலும் இரவுக் குளிர்ச்சியும் திறந்துவிடும் நீரும் கொண்டுசெல்வது செலவு. ஒவ்வோர் ஆழத்திற்கும் இருப்பு தனியே காணப்படும். அமெரிக்காவின் சாஸ்தா அணையில், வேண்டிய ஆழத்து நீரைத் தேர்ந்து வெளியேற்றும் அமைப்பு சால்மன் மீன்களைக் காக்க 1997இல் நிறுவப்பட்டது.

நம் கட்லாவும் ரோகுவும் வெதுவெதுப்பான நீரை விரும்புபவை. அவற்றுக்கு ஆபத்து, பலத்த காற்றோ மழையோ பிராணவாயுவற்ற அடிநீரை மேலே புரட்டும் வேளையில்தான். ஓரிரவிலேயே மீன்கள் மாண்டு மிதக்கக்கூடும்.

2018-19 மத்திய நிதிநிலை அறிக்கை கிசான் கடன் அட்டை வசதியை மீன் வளர்ப்போருக்கும் விரிவுபடுத்தியது. நீர்த்தேக்கத்தில் கூண்டு அமைக்கக் கடன் நாடுவோர், பல ஆழங்களின் வெப்பநிலையையும் விடியற்காலைப் பிராணவாயு அளவையும் முதலில் அளந்தறிதல் நலம். மீன் மடிந்தாலும் தவணை நிற்பதில்லை அன்றோ!