மேடையை விட்டு இறங்குவது எப்போது?

2019 பிப்ரவரி 2, 3 ஆகிய நாள்களில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ‘இளையராஜா 75’ விழா நடைபெற்றது. அவரைப் போலவே 1943இல் பிறந்தவர் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ ராக் இசைக் குழுவின் பாடகர் மிக் ஜாகர். அவர் அதே 2019 ஏப்ரலில் இதய வால்வுச் சிகிச்சை செய்துகொண்டு, ஜூன் மாதமே சிகாகோ நகரில் மேடையேறினார்.

வேறு வழியைத் தேர்ந்தவர்களும் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி, கணவர் சதாசிவம் 1997இல் மறைந்தபின் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார். எஸ். ஜானகி 2017 அக்டோபரில், தம் 79ஆம் வயதில், மைசூரு மேடையில் ரசிகர்களிடம் விடைபெற்றார்.

இவர்களுள் யார் செய்தது சரி? இதே கேள்வியைக் குடும்பத்தினர் எங்களிடம் வேறு விதமாகக் கேட்கின்றனர்: “அப்பா இன்னும் பஜனையில் பாடுகிறார். நீங்களாவது நிறுத்தச் சொல்லுங்கள், டாக்டர்.”

வயதை மட்டும் வைத்து நாங்கள் விடை கூறுவதில்லை. முதுமையில் குரல்நாண்களின் தசை மெலிகிறது. குரல்வளைக் குருத்தெலும்பு இறுகுகிறது. நுரையீரலின் மூச்சுத் திறன் குறைகிறது. அதனால் குரல் நடுங்கும், விரைவில் களைக்கும். இவை இயல்பான மாற்றங்கள். முறையான குரற்பயிற்சியால் இவற்றை ஓரளவு ஈடுசெய்ய இயலும். பயன்படுத்தாத தசையோ மேலும் மெலியும்.

ஆயினும் சில அறிகுறிகளைப் பொருட்படுத்தாமல் விடலாகாது. மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பாடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ கடும் மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்தி, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

தொடர்வதற்கும் நிறுத்துவதற்கும் இடையே வேறு வழிகளும் உள்ளன. செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறு வயதை எட்டிய பின்னரும் பாடினார். மூத்த வித்வான்கள் சுருதியைக் குறைத்துக்கொள்வதும், மேல் ஸ்தாயியைப் பின்பாட்டுப் பாடும் சீடரிடம் விடுவதும் நம் கச்சேரி மரபில் உள்ளவையே. நரம்புப் பாதிப்பால் டிரம்ஸ் வாசிக்க இயலாமற்போன பில் காலின்ஸ், 2022இல் லண்டனில் நடந்த இறுதி நிகழ்ச்சியில் நாற்காலியில் அமர்ந்து பாடினார். டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய மகன்.

குடும்பத்தினர்க்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. “போதும், ஓய்வெடுங்கள்” என்று அன்போடுதான் கூறுகிறீர்கள். ஆனால் அந்த வாரந்தோறும் நடக்கும் பஜனையில்தான் அவருடைய நண்பர்கள் இருக்கிறார்கள். மூச்சுக்கும் நினைவாற்றலுக்கும் பயிற்சி அங்கேதான் கிடைக்கிறது. அதை நிறுத்திவிட்டால், அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? இரண்டு மணி நேரத்தை ஒரு மணி நேரமாக்குங்கள். நாற்காலியும் வெந்நீரும் வைத்துக்கொடுங்கள். துணைக்கு ஒருவர் உடன் செல்லுங்கள்.

முதியோரே, தொடர விரும்பினால் எங்களிடம் கூறுங்கள். உங்கள் உடல்நிலைக்கேற்ற வழியைச் சேர்ந்து வகுப்போம். நிறுத்த விரும்பினாலும் அது தோல்வியன்று. எதுவாயினும், உடலின் நிலையை விளக்குவது எங்கள் கடமை. முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது.